பழைய ஜிடி4 வாங்கப் போகிறேன்: மஞ்சள் காலிப்பரா, சிவப்பு காலிப்பரா?

நெக்கர்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் மன்ஹைம் பக்கம் இருக்கிறேன். பல வருடம் சேர்த்த காசில் ஒரு பழைய போர்ஷே 718 கேமன் ஜிடி4 வாங்கப் போகிறேன். 4 லிட்டர், ஆறு சிலிண்டர், 420 குதிரைத்திறன், மேனுவல் கியர். இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே 2020-இல் பதிவானவை, இரண்டையும் அடிபடாத வண்டி என்றுதான் சொல்கிறார்கள்.

முதல் காரில் சிவப்பு காலிப்பர் (பேடு என்ற பிரேக் கட்டையை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி). டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, வார்ப்பிரும்பு, முன்னும் பின்னும் 380 மிமீ. 31,000 கிமீ ஓடியிருக்கிறது. இரண்டாவது காரில் மஞ்சள் காலிப்பர், அதாவது கார்பன் செராமிக். முன்னால் 410, பின்னால் 390 மிமீ. ஓடியது 24,000 கிமீ, விலை 6,000 யூரோ கூடுதல்.

என் ஓட்டம் இப்படி: வருடத்துக்கு ஆறேழு தடவை ஹோக்கன்ஹைம் டிராக், வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். ஒன்றிரண்டு தடவை நூர்பர்க்ரிங்கின் நோர்ட்ஷ்லைஃபே. கோடையில் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலைப்பாதைகள். குளிர்காலத்தில் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வராது. வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது.

மனசு மஞ்சள் காலிப்பர் காரில்தான் இருக்கிறது. நிறம், இருக்கை, பராமரிப்புப் புத்தகம் எல்லாமே எனக்குப் பிடித்த மாதிரி. பிரேக் ஒன்றுதான் பயம். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "செராமிக் ஆயுசுக்கும் வரும்" என்கிறார் ஒருவர். "டிராக்கில் ஒரு வருடம் தாங்காது" என்கிறார் இன்னொருவர். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பனிமலை எழுதியது:

நான் சூரிச்சில் இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். செராமிக் போட்ட கார் ஐந்து வருடமாக ஓட்டுகிறேன், டிஸ்க்கில் இதுவரை ஒரு கீறல் இல்லை. ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன் மலைக்கணவாய் மூன்றையும் ஒரே நாளில் ஏறி இறங்கிய பிறகும் பெடல் காலையில் இருந்த மாதிரியே இருக்கும். சில்லில் (சக்கரத்தில்) பிரேக் கரி கிடையாது. இரும்பு பிரேக் போட்ட பழைய காரில் ஒரு பயணம் போய் வந்தால் சில்லைக் கழுவவே அரை நாள் போகும்.

பிறகு எடை. அதே அளவு இரும்பு டிஸ்க்கோடு வைத்துப் பார்த்தால் செராமிக் ஏறக்குறைய பாதி எடை என்று போர்ஷேயே சொல்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே, அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கிற இடத்தில் குறையும் எடை அது. மேடு பள்ளமான பாதையில் முன் சில்லு தரையை விடாமல் பிடிக்கிறது நல்லா விளங்கும். தம்பி, மனசு சொல்கிற காரை வாங்குங்கள்.

பட்டறை எழுதியது:

ஐஃபல் பகுதியில், நூர்பர்க்ரிங்குக்குப் பக்கத்தில், பட்டறையில் வேலை செய்கிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு ஜிடி கார்களின் சில்லைக் கழற்றுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பனிமலை நண்பர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் ஓட்டுவது மலைப்பாதை. நெக்கர்க்கரைத் தம்பி கேட்பது ஹோக்கன்ஹைம். பரபோலிகா என்ற நீண்ட வேகப் பகுதியில் முழு வேகத்தில் வந்து ஷ்பிட்ஸ்கேரே என்ற கூர்மையான வளைவுக்கு மிதிப்பது இருக்கிறதே, ஜெர்மனியில் பிரேக்கை இவ்வளவு வதைக்கும் இடம் குறைவு. ரிங் 20.8 கிமீ என்றாலும் இரண்டு பெரிய பிரேக்குக்கு நடுவே டிஸ்க்குக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஹோக்கன்ஹைம் 4.574 கிமீதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அதே அடி விழும்.

"ஆயுசுக்கும் வரும்" என்பது ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு உண்மை. ரோட்டில் செராமிக் டிஸ்க் தேயாது என்றே சொல்லிவிடலாம். டிராக்கில் அது வேறு விதமாகத் தீர்ந்துபோகும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். இரும்பு என்றால் ஓரத்தில் விளிம்பு நிற்கும், விரலால் தடவினாலே தெரிந்துவிடும். செராமிக் தடிமனில் குறையாமல் எடையில் குறையும். அதனால்தான் அதன் மணிப்பகுதியில் (நடுவில் சக்கரத்தோடு பொருந்தும் பகுதி) குறைந்தபட்ச எடையைப் பொறித்திருப்பார்கள். டிஸ்க்கைக் கழற்றி, துடைத்து, தராசில் வைத்து, அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். கழற்றாமல் அளக்க கார்போடெக் என்று ஒரு கருவியும் உண்டு. டிஸ்க்கின் குறித்த மூன்று இடங்களில் வைத்தால் உள்ளே எவ்வளவு கார்பன் மிச்சம் என்று காட்டும்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு செராமிக் டிஸ்க்கும் மாற்ற வேண்டி வந்தால் 20,000 யூரோவைத் தாண்டும். இரும்பு டிஸ்க் ஒன்று சில நூறு யூரோ.

மஞ்சள் காரை வாங்காதே என்று சொல்லவில்லை. எடை போடாமல் வாங்காதே என்கிறேன்.

நெக்கர்க்கரை எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. தடிமன் குறையாமல் எடை மட்டும் எப்படிக் குறையும்? அது எனக்குப் புரியவில்லை.

அணிற்பிள்ளை எழுதியது:

நான் பொருளறிவியல் படித்தவள், உலைப் பொருட்களில் வேலை செய்கிறேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற கேள்விகளுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

கார்பன் செராமிக் டிஸ்க் செய்யும் முறை இது. நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்துகிறார்கள். அதைக் காற்று இல்லாத உலையில் 900, 1,000 டிகிரி வரை சூடாக்கினால் பிசின் கரியாகி, ஸ்பஞ்சு மாதிரி நுண்துளைகளோடு ஒரு கார்பன் தட்டு மிஞ்சும். அடுத்து 1,500 டிகிரிக்கு மேல் உருகிய சிலிக்கானை அதனிடம் விடுகிறார்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது சிலிக்கானை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிலிக்கானும் கார்பனும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகும். உப்புத்தாளில் இருக்கும் கடினமான பொருள்தான் அது. ஆக, கடினமான செராமிக்குக்குள்ளே கார்பன் இழைகள் பதிந்து நிற்கின்றன. அந்த இழைகள் இல்லாவிட்டால் தட்டு பீங்கான் மாதிரி உடைந்துவிடும்.

இழையும் கார்பன்தானே? காற்றுப் படும்படி 500 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் அது மெல்ல எரியும். அடுப்பில் நீறு பூத்த கரி தணலாகவே குறைந்துகொண்டு போகிற மாதிரி. சிலிக்கான் கார்பைடு எலும்புக்கூடு அப்படியே நிற்கும், அதனால் தடிமன் மாறாது. உள்ளே இழை மட்டும் குறைந்துகொண்டே வரும். பட்டறை அண்ணா தராசில் பார்ப்பது இந்த இழப்பைத்தான். ரோட்டில் டிஸ்க் அந்தச் சூட்டை எட்டுவதே அபூர்வம், அதனால்தான் அங்கே ஆயுசு முழுக்க வருகிறது. டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் எட்டும்.

இன்னொன்று. பந்தயக் கார்களில் இருக்கும் கார்பன்-கார்பன் பிரேக் வேறு, இது வேறு. ஃபார்முலா 1 கார் டிஸ்க்கில் சிலிக்கான் கார்பைடு கிடையாது. அது குளிர்ந்திருந்தால் சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. போர்ஷே 2001-இல் 911 ஜிடி2 காரில் கொடுக்க ஆரம்பித்தது கார்பன் செராமிக், அது காலையில் தெருமுனையிலேயே பிடிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "செராமிக் சூடானால்தான் பிடிக்கும்" என்று பலர் எழுதுகிறார்கள். மழையில் முதல் மிதியில் ஒரு கணத் தயக்கம் இருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. ஓட்டுநர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 240 கிமீ வேகத்திலிருந்து 65-க்கு இறங்கினால் ஏறக்குறைய 31 லட்சம் ஜூல் ஆற்றலைக் கரைக்க வேண்டும். ரோட்டில் 100-லிருந்து முழுவதுமாக நின்றால்கூட 5.8 லட்சம்தான். அந்த 31 லட்சமும் நாலரை விநாடியில் போகிறது என்றால் சராசரியாக 680 கிலோவாட். இந்த காரின் என்ஜின் தருவது 309 கிலோவாட். என்ஜினைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேலையை பிரேக் செய்கிறது. காற்று ஒரு பங்கு உதவும், ஆனால் பெரும்பங்கு டிஸ்க்கில்தான் விழுகிறது.

பனிமலை அண்ணா சொன்ன மலையிறக்கத்தையும் பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் மொத்தம் 147 லட்சம் ஜூல். கேட்கவே பெரிதாக இருக்கிறது. ஆனால் இறங்க கால் மணி நேரம் எடுத்தால் சராசரி 16 கிலோவாட்தான், அதிலும் பாதியை என்ஜினே வாங்கிக்கொள்ளும். மலைக்கு இரும்பு டிஸ்க்கே தாராளம்.

பனிமலை எழுதியது:

தங்கச்சி, கணக்கு சரி. அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிரேக் என்பது சூடு மட்டும் இல்லை. பெடலில் கால் வைத்த முதல் நொடியில் வருகிற அந்தத் தெளிவு இரும்பில் எனக்குக் கிடைத்ததில்லை. அதற்கு நான் காசு கொடுத்தேன், அதில் வருத்தமே இல்லை. சுவிஸில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். இரும்பு டிஸ்க் ஒரு இரவில் துருப்பிடித்து நிற்கும். செராமிக்குக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

பட்டறை எழுதியது:

உப்பு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். வருடம் முழுக்க ரோட்டில் ஓட்டி, டிராக்குக்கு எப்போதாவது போகிறவருக்கு செராமிக் நல்ல பொருள். தம்பியின் கார் குளிர்காலத்தில் தூங்குகிறது, அதனால் அந்த லாபம் அவருக்கு இல்லை.

பெடல் தெளிவு என்பதில் பேடுக்கும் பங்கு உண்டு. இரும்பில் சரியான பேடு போட்டால் முதல் கடி எப்படி வேண்டுமோ அப்படி அமைத்துக்கொள்ளலாம். மஞ்சள் நிற பாகிட் ஆர்எஸ்எல்29 பேடு போட்ட ஜிடி4 ஒன்றை ஓட்டிப் பாருங்கள், உங்கள் எண்ணம் மாறும். ரோட்டில் அது கிறீச்சிடும், அது வேறு கதை. செராமிக்குக்கு பேடு வகை குறைவு. டிராக்குக்குப் பெரும்பாலானவர்கள் போடுவது ஆர்எஸ்சி1, செராமிக் டிஸ்க்குக்கென்றே செய்தது. இரும்புக்கான பந்தயப் பேடை செராமிக்கில் போட்டுவிடாதீர்கள், டிஸ்க் வீணாகிவிடும்.

சோழிங்கநல்லூர் எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். செராமிக் வாங்கும் வசதி எனக்கு இல்லை, ஆனால் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

3.7 கிமீ டிராக், மே மாத வெயில். இரும்பு டிஸ்க் போட்ட சாதாரண வேகமான செடான் என்னுடையது. ஐந்தாவது சுற்றில் பெடல் மிதிக்க மிதிக்க உள்ளே போனது. அடுத்த வளைவுக்குள் இரண்டு மூன்று தடவை பம்ப் செய்துதான் வண்டியை நிறுத்தினேன். கை நடுங்கியது. டிஸ்க் போதவில்லை, பெரிய பிரேக் கிட் போட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "பிரேக் ஆயில் எப்போது மாற்றினாய்?" மூன்று வருடம் ஆகியிருந்தது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். நம் கடற்கரைக் காற்றில் ஆயில் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால் மிதிப்பதெல்லாம் ஆவியை அமுக்கத்தான் போகும், பேடுக்கு அழுத்தம் போகாது. 312 டிகிரி வரை தாங்கும் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஊற்றி, நல்ல பேடு மாற்றினேன். அதே டிஸ்க், அதே டிராக், பத்துச் சுற்று. பெடல் அசையவில்லை.

செராமிக் போட்டிருந்தாலும் அந்தப் பழைய ஆயில் கொதித்துத்தான் இருக்கும். எந்தக் காரை வாங்கினாலும் முதல் வேலையாக ஆயிலை மாற்றுங்கள்.

அணிற்பிள்ளை எழுதியது:

மேலே உள்ளதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். டிஸ்க் எதுவானாலும் சூடு பேடு வழியாகத்தான் காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகிறது. பேடுதான் நடுவில் நிற்கும் சுவர். பேடு தேயத் தேயச் சுவர் மெலிகிறது. டிராக் ஓட்டத்துக்குப் பாதி தேய்ந்த பேடைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

செராமிக் டிஸ்க் எடை குறைவு என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சூட்டை வாங்கி வைக்கப் பொருள் குறைவு. ஒரு கிலோ செராமிக் இரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தைக் குடிக்கும், அது பாதி ஈடுகட்டும். ஆனாலும் அதே அடிக்கு செராமிக் டிஸ்க் கூடுதல் சூட்டில்தான் ஓடும். அந்தச் சூட்டில் பிடிப்பு குறையாது என்பது அதன் பலம். அதே சூடு அதன் இழையைத் தின்கிறது என்பது பலவீனம். இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம்.

நெக்கர்க்கரை எழுதியது:

அப்படியானால் அடிப்படைக் கேள்வி ஒன்று: செராமிக் இரும்பைவிடக் குறைந்த தூரத்தில் நிறுத்துமா, நிறுத்தாதா?

பட்டறை எழுதியது:

ஒரு தடவை மிதித்தால் வித்தியாசம் இல்லை. இரண்டு பிரேக்குமே சில்லைப் பூட்டும் அளவுக்குப் பலம் உள்ளவை, அதற்குமேல் நிறுத்துவது டயர். ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால் டிஸ்க்கைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. பிரேக்குக்குச் செலவு செய்யும் முன் நல்ல டயர் போடு. வித்தியாசம் இருபதாவது மிதியில்தான் தெரியும்.

நெக்கர்க்கரை எழுதியது:

சரி. மஞ்சள் காரை வாங்கி, செராமிக் டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே காலிப்பரில் இரும்பு டிஸ்க் போட்டு டிராக்கில் ஓட்டலாமா? விற்கும்போது பழையபடி மாட்டிவிடலாமே.

பட்டறை எழுதியது:

செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஜிரோடிஸ்க் போன்றவர்கள் செராமிக் காருக்கென்றே பெரிய இரும்பு டிஸ்க் செய்கிறார்கள், இரண்டு துண்டாக. நடுவில் அலுமினியம், சுற்றிலும் இரும்பு வளையம். தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். பேடும் கூடவே மாற்ற வேண்டும். செராமிக்கில் ஓடிய பேடை இரும்பில் போடக் கூடாது.

ஆனால் கணக்குப் பார். 6,000 யூரோ கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறாய். அதற்குமேல் இரும்பு டிஸ்க்குக்கு இன்னும் சில ஆயிரம். 410 மிமீ இரும்பு என்பதால் சிவப்பு காரைவிட எடையும் கூடும். கழற்றி வைத்த செராமிக் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே இந்தத் திட்டம் நிற்கும். ஆகவே திரும்பவும் அதே இடம்தான். எடை போடு.

கூடவே இதையும் பார். சில்லைக் கழற்றி மாட்டும்போது டிஸ்க்கின் வெளி ஓரத்தில் சில்லு இடித்தால் செராமிக் சிதறும். நாங்கள் நீளமான வழிகாட்டிக் கம்பி இரண்டைத் திருகிவிட்டுத்தான் சில்லை வெளியே இழுப்போம். எல்லா டயர் கடையிலும் அந்தப் பொறுமை இருக்காது. நான்கு டிஸ்க்கின் வெளி ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்.

அணிற்பிள்ளை எழுதியது:

மூன்றாவது வழி ஒன்று வந்துகொண்டிருக்கிறது, இந்த காருக்கு அல்ல. இரும்பு டிஸ்க்கின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூசி போர்ஷே 2017-இல் கயேன் காரில் கொண்டுவந்தது, அதன் காலிப்பர் வெள்ளை. தூசி மிகக் குறைவு. ஐரோப்பாவின் யூரோ 7 மாசுக் கட்டுப்பாட்டு விதி முதல்முறையாக பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறது, சாதாரண கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். 2026 நவம்பருக்குப் பின் வரும் புதிய மாடல்களுக்கு அது பொருந்தும். அதனால் பூச்சு போட்ட இரும்பு டிஸ்க் சாதாரணக் கார்களுக்கும் வரும். பனிமலை அண்ணாவின் சில்லு கழுவும் வேலை அப்போது எல்லோருக்குமே குறையும்.

நெக்கர்க்கரை எழுதியது:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விரிவாக எழுதுகிறேன்.

மஞ்சள் காரை விற்பவர் மறுக்காமல் சம்மதித்தார், அதற்கு அவருக்கு நன்றி. தெரிந்த ஒருவரின் பட்டறையில் லிஃப்டில் ஏற்றினோம். முன் வலது சில்லைக் கழற்றியதும் டிஸ்க் பார்க்க அப்படி ஒரு அழகு. சாம்பல் நிறத்தில், இழைகள் வெட்டிப் போட்ட வைக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. விரலால் தடவினால் விளிம்பே இல்லை. கையில் வாங்கியபோது இவ்வளவு பெரிய தட்டு இவ்வளவு லேசாக இருக்குமா என்று தோன்றியது. தராசில் வைத்தோம். பொறித்திருந்த குறைந்தபட்ச எடையைவிட 30 கிராம்தான் கூடுதல். அழுக்குப் படிந்திருக்கலாம் என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தோம். அதே எண்.

முன் இடது கொஞ்சம் பரவாயில்லை. பின் இரண்டும் எடையில் நன்றாகவே இருந்தன. ஆனால் பின் இடதில், பட்டறை அண்ணா சொன்ன அதே வெளி ஓரத்தில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சிதறல். வெளிச்சம் சாய்வாகப் பட்டபோதுதான் தெரிந்தது. யாரோ சில்லு மாற்றும்போது இடித்திருக்கிறார்கள்.

பராமரிப்புப் புத்தகத்தில் டிராக் ஓட்டம் என்று ஒரு வரிகூட இல்லை. ஓட்டியிருந்தால் தவறில்லை, அதற்குத்தான் அந்த வண்டியே. முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் அந்த நிறத்தை நினைத்துக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் சிவப்பு காரைப் பார்த்தேன். முன் டிஸ்க்கில் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள், விளிம்பில் நகம் தட்டும் அளவு தேய்மானம். எல்லாம் கண்ணுக்கு எதிரே. முன் டிஸ்க் இரண்டும் புதிதாகப் போட்டுத் தர வேண்டும் என்றேன், ஒத்துக்கொண்டார்கள். முன்பணம் கட்டிவிட்டேன்.

பனிமலை எழுதியது:

தம்பி, நல்ல வேலை செய்தீர்கள். 30 கிராம் என்றால் நானும் வாங்கியிருக்க மாட்டேன். என் காரின் டிஸ்க்கையும் வருகிற சனிக்கிழமை தராசில் வைக்கப் போகிறேன். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட வைத்ததில்லை.

பட்டறை எழுதியது:

அந்த மயிரிழை வெடிப்பு எல்லா இரும்பு டிஸ்க்கிலும் வரும், பயப்படாதே. ஒரு துளையிலிருந்து அடுத்த துளை வரை ஓடினாலோ, டிஸ்க்கின் ஓரத்தைத் தொட்டாலோ அன்றைக்கே கழற்றிவிடு. ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னும் பின்னும் பார்.

இன்னொன்று செய். வெப்பம் காட்டும் பெயிண்ட் வாங்கி டிஸ்க்கின் வெளி ஓரத்தில் மூன்று பொட்டு வை. பச்சை 430 டிகிரியில் வெளுக்கும், ஆரஞ்சு 560-இல் மஞ்சளாகும், சிவப்பு 610-இல் வெளுக்கும். எந்தப் பேடு வேண்டும், பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக் குழாய் போதுமா என்று யாரிடமும் கேட்க வேண்டாம். டிஸ்க்கே சொல்லும்.

நெக்கர்க்கரை எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் ஹோக்கன்ஹைம் நாள் முடிந்தது.

புதிய முன் டிஸ்க், பாகிட் ஆர்எஸ்எல்29, ஆயில் கேஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப். இருபது நிமிட ஓட்டம் நான்கு. முதல் ஓட்டத்தில் ஷ்பிட்ஸ்கேரேக்கு எங்கே மிதிப்பது என்று தெரியாமல் மிக முன்னாலேயே மிதித்தேன். மூன்றாவது ஓட்டத்தில் 150 மீட்டர் பலகை தாண்டி மிதிக்கும் தைரியம் வந்தது. பெடல் கடைசி வரை ஒரே உயரம். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று மெல்ல வந்து, ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தினேன்.

சாயங்காலம் குனிந்து பெயிண்டைப் பார்த்தேன். முன் இரண்டிலும் பச்சைப் பொட்டு முழுக்க வெளுத்திருந்தது. ஆரஞ்சு இடது டிஸ்க்கில் ஓரம் மட்டும் மஞ்சள், வலதில் முழு மஞ்சள். சிவப்பு இரண்டிலும் அப்படியே இருந்தது. சில்லு முழுக்கக் கரி. கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் பனிமலை அண்ணாவை நினைத்தேன், ஆனால் மனசு நிறைந்திருந்தது. டிஸ்க் என்ன ஆகுமோ என்ற நினைப்பு அன்று முழுக்க ஒரு தடவைகூட வரவில்லை.

வலது ஏன் கூடுதலாகச் சூடாகிறது அண்ணா?

பட்டறை எழுதியது:

560-ஐத் தாண்டி 610-க்குள். அந்தப் பேடுக்கு நல்ல இடம்தான், இரும்புக்கும் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் கூடுதலாகச் சூடாவதற்குப் பல காரணம் இருக்கலாம். முதலில் வலது பக்கக் காற்று வழியில் ரப்பர் துணுக்கோ இலையோ அடைத்திருக்கிறதா பார். அது சுத்தமாக இருந்தால் பேடைக் கழற்றி உள் பேடு, வெளிப் பேடு தடிமனை அளந்து போடு. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் ஏதாவது ஒரு பிஸ்டன் சரியாகத் திரும்பவில்லை என்று அர்த்தம்.

பனிமலை எழுதியது:

தராசில் வைத்துவிட்டேன். ஐந்து வருடம், எல்லாம் மலைப்பாதை, ஒரே ஒரு டிராக் நாள். நான்கு டிஸ்க்கும் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையைவிட நன்றாகவே மேலே நிற்கின்றன. எண்களை ஒரு தாளில் எழுதிப் பராமரிப்புப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

நெக்கர்க்கரை எழுதியது:

அளந்துவிட்டேன். வலது முன் காலிப்பரில் உள் பேடு 9.8 மிமீ, வெளிப் பேடு 9.7. இடதிலும் ஏறக்குறைய அதே. ஆனால் வலது காற்று வழியின் வாயில் டிராக்கில் சிதறிக் கிடக்கும் டயர் ரப்பர் உருண்டையாகத் திரண்டு அடைத்திருந்தது, உள்ளங்கை அளவுக்கு. எடுத்துவிட்டேன். புதிய பொட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஓட்டம் 14-ஆம் தேதி, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.